மூன்று எண்கள் கொண்ட விமானம்

பத்தாம் வகுப்பில் இரண்டாம் உலகப்போர்ப் பாடம் நடத்தும் நம் எல்லோருக்கும் ஒரு சிக்கல் தெரியும். போர் எங்கோ நடந்தது. ஆண்டுகள், தலைவர்கள், உடன்படிக்கைகள் என்று பாடம் ஓடிவிடுகிறது. "இந்தப் போருக்குச் சான்று என்ன?" என்று கேட்டால் மாணவர்கள் "புத்தகம்" என்பார்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு "போட்டோ, சினிமா" என்பார்கள். கல்வெட்டும் நாணயமும் பானை ஓடும் சான்றுகள் என்று சின்ன வகுப்பிலேயே படித்தவர்கள்தாம். ஆனால் ஓர் இயந்திரத்தையும் அப்படிப் படிக்கலாம் என்பது அவர்களுக்குப் புதிது. இரண்டு ஆண்டுகளாக இந்தப் பாடத்துக்கு ஒரு பழைய குண்டுவீச்சு விமானத்தைச் சான்றாக எடுத்துக்கொள்கிறேன். வகுப்பில் அது எப்படிப் போகிறது என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கரும்பலகையில் மூன்று எண்களை எழுதுவேன்: 44-44052, கே.எச். 191, எச்.ஈ. 771. வேறு எதுவும் சொல்வதில்லை. ஐந்து நிமிடம் ஊகிக்க விடுவேன். பரிசுச் சீட்டு, ரயில் பெட்டி, கைதி எண் என்று பலவும் வரும். மூன்றும் ஒரே பொருளின் எண்கள் என்றதும் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். "ஒரே வண்டிக்கு மூணு நம்பர் பிளேட்டா? அப்ப அது திருட்டு வண்டி சார்!" என்றான் ஒருவன்.

திருட்டு வண்டி இல்லை. மூன்று நாடுகளின் விமானப்படைகளுக்குச் சொந்தமாக இருந்த ஒரே விமானம். முதல் எண் அமெரிக்காவுடையது. 44 என்பது 1944 நிதியாண்டின் கொள்முதல் என்பதைக் காட்டும். பின்னால் வருவது அந்த ஆண்டின் வரிசை எண். இரண்டாவது, பிரிட்டனின் ராயல் விமானப்படை கொடுத்த எண். மூன்றாவது நம் இந்திய விமானப்படையின் எண். விமானத்தின் பெயர் பி-24 லிபரேட்டர். நான்கு இன்ஜின்கள், ஒவ்வொன்றிலும் 14 சிலிண்டர்கள், ஒவ்வொன்றும் 1200 குதிரைத்திறன். இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை 33 மீட்டருக்குச் சற்று மேல். நம் பள்ளி மைதானத்தில் 33 மீட்டரை அளந்து இரண்டு முனையிலும் இரண்டு மாணவர்களை நிறுத்திப் பாருங்கள். எண்ணாகச் சொல்வதைவிட அது நன்றாகப் பதிகிறது.

போரின்போது அமெரிக்கா இந்த ரகத்தில் 18,000-க்கும் மேற்பட்ட விமானங்களைக் கட்டியது. டெட்ராய்ட் அருகே வில்லோ ரன் என்ற இடத்தில் ஃபோர்டு கார் நிறுவனம் நடத்திய ஆலை, உச்சக்கட்டத்தில் மணிக்கு ஒரு லிபரேட்டரை வெளியே தள்ளியது. நம் எண் 44-44052 டெக்சாஸ் மாநிலத்தின் ஃபோர்ட் வொர்த் ஆலையில் 1944-இல் உருவானது. அங்கிருந்து கடன்-குத்தகைத் திட்டத்தின்கீழ் பிரிட்டனுக்குப் போய், ஆசியப் போர்முனைக்கு வந்தது.

இந்த இடத்தில் உள்ளூரைக் கொஞ்சம் சேர்த்துக்கொள்வேன். எங்கள் பள்ளிக்கு மேலே மீனம்பாக்கம் நோக்கித் தாழ்ந்து இறங்கும் விமானங்கள் நாள் முழுக்க வகுப்பை நிறுத்தி நிறுத்திப் போகும். ராயல் விமானப்படையின் 200-ஆம் படைப்பிரிவு 1944-இல் இதே லிபரேட்டர்களோடு பரங்கிமலைத் தளத்தில் இருந்துதான் வங்காள விரிகுடாவில் நீர்மூழ்கிகளைத் தேடிப் பறந்தது. இலங்கையில் சிகிரியாவிலும் காங்கேசன்துறையிலும் லிபரேட்டர்கள் இருந்தன. 'எங்கோ நடந்த போர்' பரங்கிமலைக்கு வந்ததும் ஒன்றிரண்டு பேர் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தார்கள்.

போர் 1945-இல் முடிந்தது. அத்தனை ஆயிரம் விமானங்களை என்ன செய்வது?

இந்தக் கேள்விக்கு நல்ல பதில் சொன்னவன், வரலாற்று வகுப்பில் அதிகம் வாய் திறக்காத ஒரு மாணவன். அவன் அப்பா காயலாங்கடை வைத்திருக்கிறார். "எடைக்குப் போட்டிருப்பாங்க சார்" என்றான். சரி, எடைக்குப் போட்டால் அடுத்து என்ன என்று கேட்டேன். அதற்குப் பிறகு பத்து நிமிடம் அவன்தான் பாடம் நடத்தினான். இரும்பைக் காந்தம் பிடிக்கும், அலுமினியத்தைப் பிடிக்காது. அலுமினியத்துக்கு விலை அதிகம். ஆனால் அதில் இரும்பு போல்ட்டு இருந்தால் விலையைக் குறைத்துவிடுவார்கள், அதனால் கழற்றிவிட்டுத்தான் போட வேண்டும். செம்புக் கம்பி தனி. ஈயம் தனி.

அமெரிக்காவில் நடந்ததும் ஏறக்குறைய இதேதான். அரிசோனா மாநிலத்தின் கிங்மேன் விமானத்தளத்தில் 5,000-க்கும் மேற்பட்ட போர் விமானங்கள் வரிசையாக நிறுத்தப்பட்டன. பெட்ரோலையும் எண்ணெயையும் வடித்து, இன்ஜினைக் கழற்றி, உடலைத் துண்டுகளாக வெட்டி உலையில் போட்டார்கள். இரும்பு போல்ட்டை ஒவ்வொன்றாகக் கழற்ற அங்கே நேரமில்லை. சாய்வான தளம் கொண்ட உலை அந்த வேலையைச் செய்தது. அலுமினியக் கலவை 660 டிகிரி செல்சியசுக்குக் குறைவாகவே உருகி வழிந்து ஓடிவிடும். எஃகு உருக 1,500 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும் என்பதால் அது உலையிலேயே தங்கிவிடும். அறிவியல் ஆசிரியர்கள் உலோகக் கலவைகள் நடத்தும்போது இந்த உலையை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். டியூராலுமின் என்று ஒரு வரியில் கடந்துபோகும் பெயருக்குப் பின்னால் இப்படி ஒரு காட்சி இருக்கிறது. உருகிய அலுமினியம் கட்டிகளாக வார்க்கப்பட்டு மறுபடியும் தொழிற்சாலைக்குப் போனது. தன் ஊரில் இருந்த லிபரேட்டர்கள் எல்லாவற்றையும் அமெரிக்கா ஏறத்தாழ இப்படித்தான் முடித்துவிட்டது.

இந்தியாவில் இருந்தவற்றின் கதை வேறு. கடன்-குத்தகைப்படி வந்தவற்றைத் திருப்பித் தர வேண்டும், அல்லது விலை கொடுக்க வேண்டும், அல்லது யாருக்கும் பயன்படாதபடி செய்துவிட வேண்டும். ராயல் விமானப்படை தன் லிபரேட்டர்களைக் கான்பூருக்கு அருகே சக்கேரியில் கொண்டுவந்து நிறுத்தி, மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுத்தது. விமானங்கள் பறக்க முடியாதபடி வேண்டுமென்றே சிதைக்கப்பட்டன. கருவிகளை உடைத்தார்கள், உடலில் இடித்து ஓட்டை போட்டார்கள், இன்ஜினில் மண்ணைக் கொட்டினார்கள். அப்படியே மழையிலும் வெயிலிலும் கிடந்தன.

விடுதலைக்கும் பிரிவினைக்கும் பிறகு இந்திய விமானப்படையிடம் கனரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்றுகூட இல்லை. பெங்களூரு ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தினர் கான்பூருக்குப் போய், அந்தக் குவியலைப் பார்த்து, இவற்றை மீட்கலாம் என்றார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது துணிச்சலாக மட்டும்தான் தெரியும். ஆனால் அந்த நிறுவனத்தின் முந்தைய சில ஆண்டுகளைப் பார்த்தால் காரணம் புரியும். 1940-இல் வால்சந்த் ஹீராசந்த் மைசூர் அரசின் துணையோடு தொடங்கிய அந்தத் தொழிற்சாலை, போர்க்காலத்தில் அமெரிக்க விமானப்படையின் பழுதுபார்க்கும் பணிமனையாக மாறியது. அமெரிக்க விமானங்களையும் இன்ஜின்களையும் பிரித்துப் பூட்டிய கைகள் அங்கே இருந்தன. எந்தப் பாகம் செத்துவிட்டது, எது இன்னும் தேறும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லத் தெரிந்தவர்கள்.

ஒரு விமானத்தின் இறக்கை, இன்னொன்றின் வால், மூன்றாவதன் இன்ஜின் என்று தேறியவற்றைச் சேர்த்து, பறக்கும் அளவுக்கு மட்டும் அங்கேயே ஒட்டுப்போட்டார்கள். அவற்றைப் பெங்களூருக்கு ஓட்டிவந்தவர் நிறுவனத்தின் சோதனை விமானி ஜம்ஷெட் காய்கோபாத் முன்ஷி. பின்னால் 1951-இல் நம் நாட்டிலேயே வடிவமைத்த எச்.டி.-2 பயிற்சி விமானத்தை முதன்முதலாக ஓட்டியவரும் இவர்தான். கான்பூரிலிருந்து பெங்களூரு வானவழியில் சுமார் 1,500 கிலோமீட்டர். மணிக்கு 300 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு எத்தனை மணி நேரம் என்று கணக்குப் போடச் சொல்வேன். ஐந்து மணி நேரம் என்றதும், "அஞ்சு மணி நேரம் ஒட்டுப்போட்ட வண்டியிலயா சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். அவள் குரலில் இருந்த பயம் நியாயமானது. பாடப்புத்தகத்தின் எந்த வரியும் அந்த விமானியின் வேலையை அவளுக்கு இவ்வளவு நன்றாக விளக்கியிருக்காது.

பெங்களூரில் முழுமையாகச் செப்பனிட்டு, 1948 நவம்பரில் முதல் விமானங்கள் ஐந்தாம் படைப்பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தன. இப்படி மீட்கப்பட்டவை நாற்பதுக்கும் மேல். ஆறாம் படைப்பிரிவு இவற்றைக் கடல் கண்காணிப்புக்குப் பயன்படுத்தியது. கடைசி லிபரேட்டர் ஓய்வு பெற்றது 1968 இறுதியில். அமெரிக்காவும் பிரிட்டனும் எப்போதோ மறந்துவிட்ட விமானத்தை நாம் இருபது ஆண்டுகள் பறக்கவிட்டோம்.

1960-களின் பிற்பகுதியில் மேலைநாட்டு அருங்காட்சியகங்கள் திடீரென விழித்துக்கொண்டன. தங்கள் ஊரில் லிபரேட்டர் அரிதாகிவிட்டது, இந்தியாவில் இருக்கிறது. 1968-இல் ஒன்று கனடாவுக்குப் பறந்தது. அதற்கு மாற்றாகக் கனடா கொடுத்த லைசாண்டர் விமானம் இன்றும் தில்லி பாலத்தில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1969-இல் ஒன்று அரிசோனாவின் பீமா அருங்காட்சியகத்துக்கு. 1974-இல் ஒன்று பிரிட்டனின் ராயல் விமானப்படை அருங்காட்சியகத்துக்கு. மூன்றும் கப்பலேறிப் போகவில்லை, தாமே பறந்து போயின என்பதைக் கவனியுங்கள். பாலத்திலும் ஒரு லிபரேட்டர் இருக்கிறது.

நம் எச்.ஈ. 771 போனது சற்றுப் பிந்தி. இங்கிலாந்தின் சேகரிப்பாளர் ஒருவர் 1981-இல் அதை வாங்கிப் பிரித்து எடுத்துப்போனார். பிறகு 1984-இல் அமெரிக்காவின் காலிங்ஸ் அறக்கட்டளை வாங்கிப் பல ஆண்டுகள் வேலை பார்த்தது. 1989-இல் அது மறுபடியும் பறந்தது. பறக்கும் நிலைக்கு மீட்பது என்றால் தூசி தட்டி வண்ணம் பூசுவதல்ல. தகடுகளை எடுத்து, அரிப்பு எங்கெங்கே ஓடியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அலுமினியத்தோடு எஃகு போல்ட்டு சேரும் இடத்தில் ஈரம் பட்டால் அங்கே ஒரு சிறிய மின்கலமே உருவாகி அலுமினியத்தைத் தின்றுவிடும். ஆயிரக்கணக்கான ரிவெட்டுகளை மாற்ற வேண்டும். ஓயில் குழாய், மின்கம்பி, டயர், துணி போர்த்திய வால் துடுப்பு என்று ஒவ்வொன்றும் தனி வேலை.

இத்தகைய வேலையில் பாதி, கைவேலை தொடங்கும் முன்பே நடந்துவிடுகிறது. அதுதான் ஆய்வு. உள்ளே எங்காவது திருகி வைத்த சின்னத் தகட்டில் ஆலை எண் இருக்கும். பாகங்களில் ஆய்வாளரின் முத்திரை இருக்கும். பழைய வண்ணத்தை மெல்லத் தேய்த்தால் கீழே முந்தைய வண்ணம், அதன்கீழ் இன்னொன்று, சில சமயம் பழைய எண்ணின் விளிம்பே தெரியும். கீழடியில் மண் அடுக்குகளைப் படிப்பதுபோலத்தான் இதுவும், அடுக்கின் கனம்தான் வேறு. இவற்றை விமானப் பதிவேடுகளோடு ஒப்பிட்டுத்தான் 44-44052-உம் எச்.ஈ. 771-உம் ஒன்றே என்று சொல்ல முடிகிறது. கான்பூரில் மூன்று விமானத்தின் பாகங்கள் கலந்திருந்தால் எது 'அந்த' விமானம் என்று கேட்டால், பெரும்பாலும் எண் தகடு இருக்கும் நடு உடலையே வைத்துச் சொல்கிறார்கள்.

இனிதான் நான் இந்தப் பாடத்தை எடுத்ததற்கான காரணம் வருகிறது. மீட்ட பிறகு எந்த வண்ணம் பூசுவது?

காலிங்ஸ் விமானம் முதலில் ஒரு பெயரையும், 1998-இல் இன்னொன்றையும், 2005-இல் 'விட்ச்கிராஃப்ட்' என்ற பெயரையும் தாங்கியது. உண்மையான விட்ச்கிராஃப்ட் வேறு விமானம். இங்கிலாந்தின் ராக்ஹீத் தளத்திலிருந்து ஐரோப்பாவின் மீது 130 தாக்குதல் பயணங்கள் போய்த் திரும்பிய புகழ்பெற்ற லிபரேட்டர். போர் முடிந்ததும் அமெரிக்கா அதை உடைத்துவிட்டது. அதாவது, புகழ்பெற்றது சொந்த ஊரில் பழைய அலுமினியமாகப் போனது. கான்பூரில் மண் கொட்டிச் சிதைக்கப்பட்டது பிழைத்து, இறந்துபோன அதன் பெயரைச் சுமக்கிறது. அதன் உடலில் இந்திய விமானப்படையின் வட்டச் சின்னம் இல்லை. பீமாவில் இருப்பதற்கும் ஐரோப்பியப் போர்முனையின் ஓர் அமெரிக்க விமானத்தின் பெயர். கனடாவில் இருப்பதற்குக் கனடா விமானப்படையின் எண். பிரிட்டனில் மட்டும் அந்த விமானத்துக்கே உரிய போர்க்கால எண்ணான கே.என். 751 எழுதப்பட்டிருக்கிறது. அது உண்மைதான், ஆனால் அதன் ஓராண்டு வாழ்க்கை. மற்ற இருபது ஆண்டுகள் வண்ணத்தில் இல்லை.

வகுப்பை நான்கு குழுவாகப் பிரித்து, "உங்கள் கையில் இந்த விமானம் கிடைத்தால் எந்த வண்ணம் பூசுவீர்கள், ஏன்?" என்று கேட்பேன். இந்திய வண்ணம்தான் பூச வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள் என நீங்கள் நினைக்கலாம். அப்படி இல்லை. ஒரு குழு, லிபரேட்டரில் பறந்து உயிரிழந்த அமெரிக்கர்களின் குடும்பத்தார் பார்க்க வருவார்களே, அவர்களுக்காக அமெரிக்க வண்ணமே இருக்கட்டும் என்றது. இது லேசாகத் தள்ளிவிடக்கூடிய வாதம் அல்ல. அந்த விமானத்தைப் பறக்கவைக்கப் பணமும் உழைப்பும் கொடுத்தவர்களில் பலர் அப்படிப்பட்டவர்களே. இன்னொரு குழு இடப்பக்கம் ஒரு நாடு, வலப்பக்கம் ஒரு நாடு என்றது. "யாரு காசு குடுக்குறாங்களோ அவங்க பேரைத்தான் எழுதுவாங்க, கல்யாண மண்டபத்து ட்யூப்லைட் மாதிரி" என்று ஒரு மாணவி சொன்னபோது வகுப்பே சிரித்தது. காயலாங்கடை மாணவன் கேட்டது வேறு: "ஒட்டுப்போட்டவங்க பேரு எங்க சார் எழுதியிருக்கும்?"

எழுதியிருக்காது. முன்ஷியின் பெயர் நிற்கிறது, ஏனென்றால் அவர் ஓட்டினார். இன்ஜினிலிருந்து மண்ணை வழித்தெடுத்தவர்களின் பெயர்கள் எந்த அருங்காட்சியகப் பலகையிலும் முன்னால் இல்லை. என் கருத்தைக் கேட்டால், வண்ணம் யாருடையதாகவும் இருக்கட்டும், மூன்று எண்களும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். கான்பூர், பெங்களூரு என்ற இரண்டு ஊர்ப்பெயர்களும் பலகையில் முதலில் வர வேண்டும். என் மாணவர்களில் பாதிப் பேர் இதை ஏற்கவில்லை. நான் வற்புறுத்தவும் இல்லை.

விவாதம் சூடாக இருந்தால் இன்னொரு எடுத்துக்காட்டையும் கொடுப்பேன். நார்வேயின் ஏரிகளில் மூழ்கிய இரண்டு ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானங்கள். 1942-இல் உறைந்த ஏரியில் இறங்கி மூழ்கிய ஒன்று 1973-இல் வெளியே எடுக்கப்பட்டது. ராயல் விமானப்படை அருங்காட்சியகம் அதை நெளிந்து துருப்பிடித்த நிலையிலேயே காட்சிக்கு வைத்தது. மற்றொன்றை 1995-இல் எடுத்தார்கள். கனடாவில் பத்து ஆண்டு உழைத்துப் புத்தம்புதிதுபோல ஆக்கிவிட்டார்கள். ஒன்றில் எல்லாமே அசல், ஆனால் விமானம் எப்படி இருந்தது என்று ஊகிக்க வேண்டும். மற்றதில் எல்லாம் தெளிவாகத் தெரியும், ஆனால் எவ்வளவு அசல் என்று கேட்க வேண்டும். எது நல்ல சான்று என்ற கேள்விக்கு அரை மணி நேரம் போதவில்லை.

வீட்டுப்பாடம் எளிது. வீட்டிலோ ஊரிலோ உள்ள பழைய இயந்திரம் ஒன்றின் எண் தகட்டின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்து வர வேண்டும். சென்ற ஆண்டு பாட்டியின் சிங்கர் தையல் இயந்திரம் வந்தது. அதன் எழுத்தும் எண்ணும் சேர்ந்த வரிசையை வைத்து எந்தக் காலத்தில் செய்தது என்று உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் தேடிக் கண்டுபிடித்தார்கள். மூடிக் கிடக்கும் அரிசி ஆலையிலிருந்து இங்கிலாந்தின் டர்ஸ்லி ஊரில் செய்த லிஸ்டர் இன்ஜினின் தகடு வந்தது. பிரதியோடு நான்கு கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும்: யார் செய்தது, யார் யாரிடம் இருந்தது, எந்தப் பாகம் மாற்றப்பட்டது, மாற்றியவர் யார். கடைசிக் கேள்விக்கு விடை தேடி அவர்கள் பெரும்பாலும் ஒரு மெக்கானிக்கிடமோ தாத்தாவிடமோ போய் நிற்கிறார்கள்.

மொத்தம் மூன்று பாடவேளை ஆகும். முதலாவதில் எண்களும் கதையும், இரண்டாவதில் விவாதம், ஒரு வாரம் கழித்து மூன்றாவதில் பிரதிகளைச் சுவரில் ஒட்டுவது. காந்தம் ஒன்றும், இரும்பு, அலுமினியம், செம்புத் துண்டுகள் சிலவும் கையில் இருக்கட்டும். ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தின் பக்கம் போகக் கூடாது, பெரியவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும் என்பதைப் பிரதி எடுக்க அனுப்பும் முன் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். மென்மையான 4பி பென்சிலும் மெல்லிய தாளும் இருந்தால் தேய்ந்துபோன எழுத்துகூடத் தெளிவாக விழுகிறது.